‘நண்பர்களோடு பேசப் பிடிக்குமா?’: ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வில் பதில் எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க

வேளச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறேழு பேர் வந்து உட்காருவார்கள். நர்சிங் முடித்துவிட்டு பிரிட்டன் போகக் காத்திருப்பவர்கள், மேல்படிப்புக்கு அப்ளை செய்தவர்கள், கணவரோடு கனடா கிளம்பவேண்டியவர்கள். வெளிநாடு போக ஆங்கிலம் தெரியும் என்று காட்டும் ஐயெல்ட்ஸ் (IELTS) தேர்வில், தேர்வாளர் கேட்கக் கேட்க வாயால் பதில் சொல்லும் பேச்சுத் தேர்வுதான் எல்லோருக்கும் பயம். அதில் ‘நண்பர்களோடு அரட்டை’ என்ற தலைப்பு வந்தால் மட்டும் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். இதுதானே, சொல்லிவிடலாம் என்று. பெரும்பாலும் சிக்கிக்கொள்வது அந்தத் தலைப்பில்தான்.

கேள்விகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். “டூ யூ லைக் சாட்டிங் வித் ஃப்ரெண்ட்ஸ்?” “வாட் டூ யூ யூஷுவலி சாட் அபௌட்?” “டூ யூ ப்ரிஃபர் டாக்கிங் டு ஒன் ஃப்ரெண்ட் ஆர் எ க்ரூப்?” “டூ யூ எவர் ஆர்க்யூ வித் யுவர் ஃப்ரெண்ட்ஸ்?” இவை முதல் பகுதிக் கேள்விகள். மொத்தத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். அதில் முதல் பகுதிக்கு 4 முதல் 5 நிமிடம். ஊர், வேலை அல்லது படிப்பு என்று ஆரம்பித்து, அப்புறம் இப்படி ஒன்றிரண்டு தலைப்புகளைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். சூட்டோடு சூடாகக் கேட்டால் “என் குரல் இப்படியா இருக்கு” என்ற வருத்தம்தான் வரும், தப்பு காதில் விழாது. மறுநாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கேளுங்கள். என்ன கேட்கிறதோ அதற்கேற்ற இடத்தைக் கீழே பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சரிசெய்யப் போகவேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு கோளாறு போதும்.

பதில் ஒரே வரியில் முடிந்துபோகிறது

“யெஸ், ஐ லைக் சாட்டிங் வித் மை ஃப்ரெண்ட்ஸ்.” அவ்வளவுதான். பிறகு மௌனம்.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. எது என்று தெரிந்துகொள்ள, அதே கேள்வியைத் தமிழில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் சரளமாக நாலு வரி வருகிறதா? அப்படியானால் விஷயம் கையில் இருக்கிறது, ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் வழியில்தான் அடைப்பு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். தமிழிலும் “ஆமா, பிடிக்கும்” என்றே நின்றுபோகிறதா? அப்படியானால் ஆங்கிலத்தைக் குறைசொல்லிப் பயனில்லை, சொல்ல விஷயமே எடுத்துவைக்கவில்லை.

விஷயத்துக்கு எங்கேயும் போகவேண்டாம். கடைசியாக எந்த நண்பரோடு உட்கார்ந்து பேசினீர்கள்? எங்கே? எதில் ஆரம்பித்தது, எங்கே போய் முடிந்தது? எலியட்ஸ் கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, வீட்டு வாடகையில் ஆரம்பித்து பழைய வாத்தியார் கதையில் முடிந்த பேச்சு ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டால் நான்கு கேள்விக்கும் அதிலிருந்தே எடுக்கலாம். முதல் பகுதியில் ஒரு பதிலுக்கு இரண்டிலிருந்து நான்கு வாக்கியம் போதும். பிடிக்கும், ஏன், போன வாரம் நடந்த ஒரு விஷயம். அங்கே நிறுத்திவிடலாம்.

வாட்ஸ்அப்பைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன்

இது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. “சாட் பண்ணேன்” என்று நாம் சொன்னால் போனில் தட்டச்சு செய்தோம் என்றுதான் அர்த்தம். நேரில் பேசியதை யாரும் “சாட்” என்பதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் வாயால் பேசும் அரட்டையைத்தான் குறிக்கும், மெசேஜ் பின்னால் வந்து சேர்ந்தது. கேள்வி காதில் விழுந்ததும் மனம் நேராக வாட்ஸ்அப்புக்கு ஓடுகிறது. எமோஜி, குரூப், ஸ்டேட்டஸ் என்று பதில் போகிறது. அது தவறில்லை, ஆனால் பாதி. அடுத்த கேள்வி “நேரில் பேசுவது பிடிக்குமா, போனிலா?” என்று வந்தால் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

“சாட்டிங்” என்று காதில் விழுந்தால் தலைக்குள் “அரட்டை” என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதுவே போதும், டீக்கடை தானாக ஞாபகத்துக்கு வரும்.

எல்லா வாக்கியத்திலும் ‘வில்’ கேட்கிறது

என் அனுபவத்தில் தமிழ் பேசுபவர்களுக்கு மட்டுமே உரிய கோளாறு என்றால் இதைத்தான் சொல்வேன். இலக்கணப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் காரணம் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது.

மடிப்பாக்கத்திலிருந்து வருகிற ஒரு தம்பியின் பதிவை ஒருநாள் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். “எவ்ரி ஈவினிங் வீ வில் மீட் நியர் த டீ ஷாப். வீ வில் டாக் அபௌட் க்ரிக்கெட். சம்டைம்ஸ் வீ வில் கோ டு த பீச்.” ஒரு நிமிடத்தில் ‘வில்’ ஒன்பது இடத்தில் வந்தது.

“தம்பி, இதெல்லாம் இனிமேல் நடக்கப்போகுதா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா, தினமும் நடக்கிறதுதான்.”

“அப்போ ஏன் ‘வில்’?”

அவருக்குப் புரியவில்லை. “இதையே தமிழில் சொல்லுங்க” என்றேன். “தினமும் சாயங்காலம் டீக்கடை பக்கத்துல மீட் பண்ணுவோம்க்கா. கிரிக்கெட் பத்திப் பேசுவோம். சில நேரம் பீச்சுக்குப் போவோம்.” சொல்லி முடித்ததும் அவரே நிமிர்ந்து பார்த்தார். பண்ணுவோம், பேசுவோம், போவோம். நம் பள்ளிக்கூடத்தில் இதற்கு எதிர்காலம் என்று பெயர். ஆனால் வழக்கமாக நடப்பதையும் நாம் இதே வடிவத்தில்தான் சொல்கிறோம். அந்த ‘வோம்’ ஒவ்வொரு தடவையும் ‘வில்’ ஆகி வெளியே வருகிறது.

இன்னும் ஒரு படி போய்ப் பார்த்தால், கடந்துபோன வழக்கத்துக்கும் அதே வடிவம்தான். “ஸ்கூல்ல படிக்கும்போது பஸ்ஸில் பேசிக்கிட்டே போவோம்” என்கிறோம். ஆக, ஒரே ‘போவோம்’ ஆங்கிலத்தில் மூன்று இடத்துக்குப் பிரிகிறது. இப்போதைய வழக்கம் என்றால் “வீ கோ”. பழைய வழக்கம் என்றால் “வீ யூஸ்ட் டு கோ”. இனிமேல் நடக்கப்போவது என்றால் மட்டும் “வீ வில் கோ” அல்லது “வீ ஆர் கோயிங் டு கோ”.

இதை மனப்பாடம் செய்து சரிப்படுத்த முடியாது, காதுக்குப் பழக்கவேண்டும். நாங்கள் செய்வது இது. ஒருவர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார். மற்றவர் மொழிபெயர்க்கக் கூடாது. “இப்பவா, அப்பவா, இனிமேலா?” என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். “ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வருவாங்க.” இப்ப. “காலேஜ் கேண்டீன்ல மணிக்கணக்கா உட்காருவோம்.” அப்ப. “அடுத்த மாசம் அவ கல்யாணத்துல பார்ப்போம்.” இனிமேல். பத்து நிமிடம் இதைச் செய்தபிறகுதான் ஆங்கிலம். அந்தத் தம்பிக்கு மூன்று வாரம் ஆனது. மூன்றாவது வாரப் பதிவில் ‘வில்’ வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் சரியான இடத்தில்.

சில ஆங்கிலேயர்கள் வழக்கத்துக்கும் ‘வில்’ சொல்வது உண்டு. அதை வைத்துச் சமாதானம் செய்துகொள்ளவேண்டாம். அது எப்போதாவது வருவது, வாக்கியத்துக்கு வாக்கியம் வருவதல்ல.

‘ஐ ஆம் ஹேவிங்’, ‘ஒன்லி’, ‘டிஸ்கஸ் அபௌட்’

இவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். “ஐ ஆம் ஹேவிங் த்ரீ க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்” என்பதில் நண்பர்கள் ‘இருக்கிறார்கள்’, அவ்வளவுதான், “ஐ ஹேவ்”. தெரியும், பிடிக்கும், புரியும் என்பதற்கும் அப்படியே: “ஐ நோ”, “ஐ லைக்”, “ஐ அண்டர்ஸ்டாண்ட்”. “டிஸ்கஸ்” என்ற சொல்லிலேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது, பின்னால் “அபௌட்” வேண்டாம். “டாக்” என்றால் வேண்டும். “ஈவினிங் ஒன்லி வீ மீட்” என்பது நம் ‘தான்’. சாயங்காலம்தான் என்று அழுத்த ஆங்கிலத்தில் தனிச் சொல் தேவையில்லை, அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும்.

பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன்

பதிவில் “ம்ம்… ஆ…” எங்கே வருகிறது என்று குறியுங்கள். வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வந்தால் பயப்படவேண்டாம், யோசிக்கிறீர்கள், எல்லோரும் யோசிப்பார்கள். வாக்கியத்தின் நடுவில் வந்தால்தான் கோளாறு. தமிழில் முழு வாக்கியத்தையும் கட்டி முடித்துவிட்டு அதை இறக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஏன் இறங்கமாட்டேன் என்கிறது என்று ஒரு வாக்கியத்தை வைத்தே பார்க்கலாம். “நேற்று பறக்கும் ரயிலில் வரும்போது ஒரு காலேஜ் ஃப்ரெண்டோடு அவள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினேன்.” இதில் எப்போது, எங்கே, யாரோடு, எதைப் பற்றி எல்லாம் சொன்னபிறகு கடைசியில்தான் என்ன செய்தேன் என்பது வருகிறது. ஆங்கிலத்தில் “ஐ டாக்ட் டு எ காலேஜ் ஃப்ரெண்ட் அபௌட் ஹெர் வெட்டிங் ஆன் த ட்ரெயின் யெஸ்டர்டே.” நாம் கடைசியில் வைத்தது முதலில் வந்துவிட்டது, முதலில் வைத்த ‘நேற்று’ கடைசிக்குப் போய்விட்டது. முழு வாக்கியத்தையும் கையில் ஏந்திக்கொண்டு தலைகீழாகத் திருப்பினால் எவருக்கும் நடுவில் திணறத்தான் செய்யும்.

அதனால் முழுசாகக் கட்டாதீர்கள். யார், என்ன செய்தார், இதை மட்டும் முதலில் வெளியே விடுங்கள். “ஐ டாக்ட் டு எ ஃப்ரெண்ட்.” இது சொல்லும் நேரத்திலேயே அடுத்த துண்டு கிடைத்துவிடும். “அபௌட் ஹெர் வெட்டிங்.” பிறகு “ஆன் த ட்ரெயின்.” ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் நிறுத்திவிடலாம், எங்கே நிறுத்தினாலும் அது முழு வாக்கியம்தான். இதைத் தனியாகவும் பழகலாம். கோட்டூர்புரத்திலிருந்து வேளச்சேரி வரை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் படுகிறவர்களைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே வாருங்கள்: அவர் சிரிக்கிறார், நண்பரோடு, போனில், சத்தமாக. எங்களிடம் வரும் ஒரு நர்ஸ் தங்கை டியூட்டி முடிந்து வரும்போது தினமும் இதைத்தான் செய்தாள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐயெல்ட்ஸ் வழியாகப் போனால் பேச்சில் 9-க்கு 7 வேண்டும், அவள் 6.5-இல் இரண்டு தடவை நின்றவள். பொது அறிவோ சொல்வளமோ அவளுக்குக் குறைவில்லை, நடு வாக்கியத்தில் வரும் அந்தத் திணறல்தான் இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை தாண்டிவிட்டாள்.

கலாய்ப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

சொல் கிடைக்காமல் நின்றுபோகும் இடம் இது. சென்னையில் நண்பர்கள் கூடினால் பாதி நேரம் கலாய்ப்பதுதான். கலாய்ப்பது, மொக்கை போடுவது, கடலை போடுவது, வெட்டிக் கதை பேசுவது என்று நம்மிடம் அரட்டைக்கே எத்தனை வகை! நேருக்கு நேர் ஒரு சொல் தேடினால் கிடைக்காது. என்ன செய்கிறோமோ அதைச் சொல்லுங்கள். “வீ மேக் ஃபன் ஆஃப் ஈச் அதர்.” கொஞ்சம் பழகியபின் “வீ புல் ஈச் அதர்ஸ் லெக்.” மொக்கைக்கு “ஹீ டெல்ஸ் டெரிபிள் ஜோக்ஸ், பட் வீ லாஃப் எனிவே.” ரொம்ப நாள் கழித்துப் பார்த்து விட்டதையெல்லாம் பேசுவதற்கு மட்டும் ஒரு நல்ல சொல் இருக்கிறது, “கேட்ச் அப்”. இந்தத் தலைப்பில் அதற்கு எப்படியும் வேலை வரும்.

“டைம் பாஸ்”, “திக் ஃப்ரெண்ட்” என்பவை நமக்குள் புரியும், வெளியூர் காதுக்குப் புரியாமல் போகலாம். “ஜஸ்ட் டு பாஸ் த டைம்”, “க்ளோஸ் ஃப்ரெண்ட்” என்று சொல்லிவிடுங்கள்.

நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லியிருக்கிறேன்

இதை நிறையப் பேர் கோளாறு என்றே ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு மனசு கனத்துப்போகிற இடமும் இதுதான்.

ஒரு பெண் வந்தாள். என்ன கேட்டாலும் கடகடவென்று பதில் வரும். நண்பர்களோடு என்ன பேசுவீர்கள் என்றால் “வீ டிஸ்கஸ் கரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ் அண்ட் கரண்ட் அஃபேர்ஸ், விச் ப்ராடன் அவர் ஹொரைசன்ஸ்” என்பாள். சண்டை போடுவீர்களா என்றால் “நெவர், வீ ரெஸ்பெக்ட் ஈச் அதர்ஸ் ஒபீனியன்ஸ்.” ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறாள், அச்சடித்த பதில் தாள் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் அந்த வரிசையில் இல்லாத ஒரு கேள்வி கேட்டேன்: “நேத்து ராத்திரி யார்கூட பேசினீங்க?” அதே பெண் வார்த்தை வராமல் தவித்துப் போனாள். அவளுக்கு ஆங்கிலம் வரும். ஆனால் சொந்தமாகப் பேச அவளை ஒருநாளும் விடவில்லை. பாவம், ஐந்து மாதம்.

தேர்வாளர் இப்படிப்பட்ட பதிலை நிறையக் கேட்டிருப்பார். ஒப்பிக்கிறார் என்று தெரிந்தால் பாதையை மாற்றிக் கேட்பார். அங்கே தாளில் இல்லாத கேள்வி வரும்.

மதிப்பெண் நான்கு விஷயத்துக்குத்தான்: தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. நீங்கள் நல்லவரா, அறிவாளியா, நண்பர்களோடு உலக விவகாரம் பேசுகிறவரா என்பதற்கு அதில் இடமே இல்லை. சேப்பாக்கத்தில் டிக்கெட் கிடைக்காத கதையும் ஹாஸ்டல் சாம்பாரும் தாராளமாகப் போதும். சண்டை உண்டா என்றால் உண்டு என்று சொல்லுங்கள். “யெஸ், வீ ஆர்க்யூ அபௌட் ஹூ பேஸ் த பில்.” பில்லைக் கட்ட நான் நீ என்று அடித்துக்கொள்வது உண்மையிலேயே நடப்பதால், அடுத்த வாக்கியம் தேடாமலே வரும். நடந்ததைச் சொல்லும்போது குரலும் ஏறி இறங்கும், ஒப்பிக்கும்போது அது தட்டையாகிவிடும்.

அந்தத் தாளை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அதில் நல்ல சொற்கள் இருந்தால் அடிக்கோடிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வாக்கியங்களை மறந்துவிடச் சொன்னேன்.

சொன்னது சரி, கேட்பவருக்குப் புரியவில்லை

தமிழ் வாடை அடிக்கிறது என்பதற்காக மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். யாருடைய உச்சரிப்பையும் நகல் எடுக்கவேண்டாம். புரியாமல் போகும் இடங்கள் சிலதான். வார்த்தையின் கடைசியில் ‘உ’ சேர்ப்பது: “ஃப்ரெண்டு”, “சாட்டு”, “டாக்கு”. ‘ஃப’ வரவேண்டிய இடத்தில் ‘ப’ வருவது. ‘எ’யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘ய’ ஒட்டிக்கொள்வது: “யெவ்ரி”, “யெனி”.

இன்னொன்று தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டவே முடியாத ஒலி. “பிகாஸ்”, “ஈஸி”, “ஆல்வேஸ்” என்பவற்றில் வரும் ‘ஸ’ உண்மையில் வண்டு ரீங்காரம் போல அதிரவேண்டும். தொண்டையில் இரண்டு விரல் வைத்து “பஸ்” என்று சொல்லுங்கள், கடைசி ஒலியில் அதிர்வு இருக்காது. “பிகாஸ்” சொல்லும்போது கடைசிவரை விரலில் அதிர்வு தெரியவேண்டும். காரணம் சொல்லும் ஒவ்வொரு பதிலிலும் வருகிற சொல், அதனால் இதற்கு இரண்டு நாள் செலவழிக்கலாம்.

கேள்வியே சரியாகக் காதில் விழவில்லை

“குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?” என்று கேளுங்கள். திரும்பச் சொல்வார். அதற்காக மதிப்பெண் போகாது. ஊகித்து வேறு கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் நஷ்டம். முதல் பகுதியில் நீளமாக விளக்கம் தருவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மாடியில் சரியாக வருகிறது, தேர்வறையில் பழைய கோளாறு திரும்ப வருகிறது

ஒரே ஆளோடு, ஒரே கேள்வியை, ஒரே வார்த்தைகளில் பழகினால் இப்படித்தான் ஆகும். கேட்கும் ஆளை மாற்றுங்கள். பக்கத்து வீட்டு அங்கிள், ஆபீஸில் அதிகம் பழகாத ஒருவர், யாராக இருந்தாலும் சரி. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்: “பிடிக்குமா” என்பதற்குப் பதில் “எப்போது பேசப் பிடிக்காது” என்று. சிரிக்காமல், தலையாட்டாமல் கேட்கச் சொல்லுங்கள். நம் ஊரில் பேசும்போது எதிரில் இருப்பவர் “ம்”, “சரி”, “அப்புறம்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார், அந்தத் துணையில்தான் நாம் பேசுகிறோம். தேர்வாளர் “ம்” கொட்டவேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த அமைதிக்குப் பழகாதவர்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் இறங்கிவிடுகிறார்கள்.

பாதியில் அவர் நிறுத்திவிட்டால் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று கலங்கவேண்டாம். ஒவ்வொரு பகுதிக்கும் அவருக்கு நேரக் கணக்கு இருக்கிறது, அதற்காக நிறுத்துகிறார். சொல்ல வந்த மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த கேள்வியைக் காதில் வாங்குங்கள்.